கப்பலிலும் பெரட்டு உண்டு



சென்ற மாதம் கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் பால் மரம் வெட்டி, பிறகு செம்பனைக் காட்டில் உதிரி பொறுக்கி, பிள்ளைகளைக் கரையேற்றியவர். இப்போது மகன் தலையெடுத்து, அப்பா அம்மா இருவருக்கும் உல்லாசக் கப்பலில் நான்கு நாள் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டானாம். கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, பினாங்கு, பூக்கெட் பார்த்துத் திரும்ப வேண்டியது. "எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, வயிற்றைக் கலக்கவும் செய்கிறது அக்கா. கப்பல் என்றால் என்ன செய்ய வேண்டும், எங்கே நிற்க வேண்டும், ஒன்றும் தெரியாது" என்று எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் வேறொரு விஷயமும் எழுதியிருந்தார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தச் சகோதரிக்கு மட்டுமல்ல, இப்போது பல தோட்டத்துக் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி இருக்கிறது. நம் பெற்றோர்கள் கப்பலில் வந்தவர்கள்தாம். ஆனால் அவர்கள் வந்த கப்பல் வேறு. 1926-ல் கட்டப்பட்ட ராஜுலா, மேல்தளத்திலே பாயை விரித்துப் போட்டு, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்து வந்த கப்பல். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். பிறகு 1970-களில் சிதம்பரம் வந்தது. 1985-ல் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்த பிறகு அந்த வழிப் பயணமே நின்றுபோயிற்று. ஆகவே இன்று ஐம்பது வயதில் இருப்பவர்களுக்குக் கூடக் கப்பல் என்பது கேட்ட கதைதான், கண்ட காட்சி இல்லை.

முதலில் காகிதத்தைப் பாருங்கள். பெட்டி கட்டுவதெல்லாம் அப்புறம். கப்பல் தாய்லாந்துக்கோ சிங்கப்பூருக்கோ போகிறது என்றால் கடப்பிதழ் வேண்டும். அது காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். டிக்கெட்டில் உள்ள பெயரும் கடப்பிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் இதுதான் பெரிய தலைவலி. பிறப்புப் பத்திரத்தில் கிராணி ஒரு விதமாக எழுதியிருப்பார், அடையாளக் கார்டில் வேறு விதமாக இருக்கும், மகன் அவசரத்தில் கைப்பேசியில் தட்டியது மூன்றாவது விதமாக இருக்கும். தந்தை பெயரை விட்டுவிட்டுப் பதிவு செய்வதும் உண்டு. கடப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துப் பதியச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன். நம்மில் இன்னும் சில பெரியவர்கள் சிவப்பு அடையாளக் கார்டோடுதான் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே உழைத்து, இன்னும் நீலக் கார்டு கைக்கு வராதவர்கள். சிவப்புக் கார்டுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. பிள்ளைகள் இதை அறியாமல் பணத்தைக் கட்டிவிட்டு, துறைமுகத்தில் அம்மா ஏறுகிறார், அப்பா வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறார் என்று ஆகிவிடக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால், பணம் கட்டும் முன்பே குடிநுழைவுத்துறை அலுவலகத்துக்கு நேரில் போய் எந்தப் பயணத்துக்கு என்ன பத்திரம் வேண்டும் என்று கேட்டு வாருங்கள். வெளிநாட்டுத் துறையைத் தொடும் கப்பல் என்றால் அது உள்ளூர் பஸ் இல்லை. அவரை விட்டுவிட்டுப் போகும் கப்பலை விட, குடும்பமாக ரயிலேறிப் பினாங்குக்குப் போய் வருவது மேல்.

பெட்டி கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அது உங்கள் அறைக்கு வந்து சேர மாலையாகலாம். ஆகவே மருந்து மாத்திரை, கண்ணாடி, கடப்பிதழ், ஒரு மாற்று உடை இவையெல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். இனிப்புநீர் உள்ளவர்கள் இன்சுலின் ஊசியைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டு, மாலைவரை தவிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மருத்துவர் சீட்டின் பிரதி ஒன்றும் கூட இருக்கட்டும். கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் நம் கிளினிக்கைப் போல ஒரு வெள்ளி இரண்டு வெள்ளிக்குப் பார்ப்பவர் இல்லை. பில்லைப் பார்த்தால் இன்னொரு நோய் வரும். பயணக் காப்புறுதி எடுத்தால், அது கப்பல் பயணத்துக்கும் செல்லுமா என்று ஒரு வார்த்தை கேட்டு எடுங்கள்.

சோறு ஆக்கும் மின்சாரச் சட்டி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல், இவற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். சூடம், ஊதுபத்தி, மெழுகுவத்தி எதையும் அறையில் கொளுத்தக் கூடாது. சாமி கும்பிடுவதைக் கூடத் தடுக்கிறார்களே என்று கோபப்பட வேண்டாம். நடுக்கடலில் தீயை விடப் பெரிய எதிரி கப்பலுக்கு இல்லை. சிதம்பரம் கப்பலை நினைத்துக்கொண்டால் போதும். திருநீறும் ஒரு சின்னப் படமும் கொண்டு போனால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

வெற்றிலை போடும் பெரியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கப்பல் சிங்கப்பூரைத் தொடுவதாக இருந்தால் வாயில் போடும் புகையிலையைக் கொண்டு போகாதீர்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். சிகரெட்டுக்கும் அங்கே வரிச்சலுகை கிடையாது, ஒரு பெட்டியாக இருந்தாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். பிறர் கொடுக்கும் பொட்டலத்தை, அது சொந்தக்காரராகவே இருக்கட்டும், வாங்கிக் கொண்டு போகவே கூடாது.

இனிக் கப்பலுக்குள் வருவோம். உள்ளே போனதும் முதல் வேலை பெரட்டுதான். ஆம், நம் தோட்டத்துப் பெரட்டு மாதிரியேதான்! விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்தவர்களுக்கு இது புதிதா என்ன? ஆபத்துக் காலத்தில் எங்கே கூட வேண்டும் என்று ஒவ்வோர் அறைக்கும் ஓர் இடம் குறித்திருப்பார்கள். உங்கள் அட்டையிலேயே ஓர் எழுத்தோ எண்ணோ அச்சிட்டிருக்கும். அந்த இடத்துக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். ஏழு முறை குறுக்கொலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. இதுதான் அபாயச் சங்கு. இதைக் கேட்டால் நகையைத் தேடாமல், பெட்டியைத் தேடாமல் அந்த இடத்துக்குப் போய்விட வேண்டும். மின்தூக்கியில் ஏறாதீர்கள், படிக்கட்டுதான்.

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2012 சனவரி 13-ஆம் நாள் இத்தாலியில் கோஸ்டா கொன்கார்டியா என்ற பெரிய கப்பல் ஒரு தீவுக்கு அருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறி ஒரு நாளுக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. அதன் பிறகுதான் கப்பல் கிளம்புவதற்கு முன்போ, கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று உலகம் முழுவதற்கும் விதியை மாற்றினார்கள். 2015-லிருந்து அதுதான் சட்டம். ஆகவே பெரட்டுக்கு அழைக்கும்போது, "நமக்கு எதற்கு, முதலில் சாப்பிடுவோம்" என்று சாப்பாட்டு வரிசையில் நிற்காதீர்கள். சொல்வது ஆங்கிலத்திலோ சீனத்திலோ இருக்கும், புரியாமல் போகலாம். பரவாயில்லை. இடத்தைக் கால்களுக்குக் காட்டிவிடுங்கள். அறையிலிருந்து அந்த இடத்துக்கு இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டால் மூன்றாம் முறை கால்களே போய்விடும்.

அறைகள் எல்லாம் நம் பழைய லயத்துக் கதவுகளைப் போல் ஒரே மாதிரி, ஒரே நிறம். நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் கதவு. எண் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பெரும்பாலான கப்பல்களில் கதவு இரும்பால் ஆனது. குளிர்பெட்டியில் ஒட்டி வைக்கும் காந்தப் பொம்மை ஒன்றைக் கொண்டு போய் வெளியே ஒட்டி வையுங்கள். கிளி பொம்மை ஒட்டியிருக்கும் கதவு நம் கதவு, அவ்வளவுதான். குளியலறைக்கும் வெளித்தளத்துக்கும் போகும் இடத்தில் நிலைப்படி உயரமாக இருக்கும், இரவில் தடுக்கும். சன்னல் இல்லாத அறை என்றால் விளக்கை அணைத்ததும் கும்மிருட்டு. குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவை ஒருக்களித்து வையுங்கள்.

தலைசுற்றல் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். மலாக்கா நீரிணை இரண்டு நிலத்துக்கு நடுவே உள்ள கடல், பொதுவாக அமைதியானது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியற்காலையில் சுமத்திராப் பக்கமிருந்து திடீரென்று காற்றும் மழையும் அடித்துவிட்டுப் போகும், அவ்வளவே. பூக்கெட் பக்கம் அப்படி இல்லை. மே முதல் அக்டோபர் வரை அந்தக் கடல் குலுக்கும். பயப்படுகிறவர்கள் நவம்பர் முதல் மார்ச்சுக்குள் போவது நல்லது. அறை பதியும்போதே கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு, பல சமயம் விலையும் குறைவு. வெறும் வயிறும் ஆகாது, முட்டமுட்டச் சாப்பிட்டதும் ஆகாது. இஞ்சி மிட்டாய் கைப்பையில் இருக்கட்டும். தலை சுற்றினால் அறைக்குள் சுருண்டு படுக்காமல் வெளித்தளத்துக்கு வந்து தூரத்தில் கடலும் வானமும் தொடும் கோட்டைப் பாருங்கள்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சைவம் வேண்டும் என்றால் பதியும்போதே சொல்லிவிடுங்கள். விடுமுறைக்குப் போன இடத்தில் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க ஒரே வழி, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. வாசலில் பிழிந்து தரும் கைமருந்து மட்டும் போதாது. கப்பலில் பரவும் ஒருவகை வயிற்றுப்போக்குக் கிருமி அதற்கு அவ்வளவாகச் சாவதில்லை, சோப்பும் தண்ணீரும்தான் அதைக் கழுவித் தள்ளும்.

பணம். கப்பலில் ரொக்கம் கைமாறாது. அறைச் சாவியாக ஓர் அட்டை தருவார்கள், அதுவே கணக்குப் புத்தகமும். தேய்க்கத் தேய்க்கச் செலவு தெரியாது. அறையில் அழகாக வைத்திருக்கும் தண்ணீர்ப் போத்தல் கூடச் சில கப்பல்களில் விலைக்குத்தான். ஒருவருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணமும் ஏறிக்கொண்டிருக்கும். தினமும் மாலையில் முகப்பில் போய் "என் கணக்கைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள், காட்டுவார்கள். கைப்பேசியைக் கப்பல் கிளம்பியதும் விமானப் பயணத்துக்கு வைப்பதுபோல் அடக்கி வைத்துவிடுங்கள். நடுக்கடலில் அது செயற்கைக்கோள் வழியாகத் தொடர்பு தேடிக் கொண்டால், பேரனின் விளையாட்டுக்கு வரும் பில்லைப் பார்த்து மகன் மயங்கி விழுவான்.

கப்பல் துறையை விட்டு வெளியேறியதும் இன்னொரு கதவு திறக்கும். சூதாட்டக் கூடம். விளக்கும் இசையும், இலவசக் காப்பியும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் சேமநிதிப் பணம் கைக்கு வந்த ஆண்டிலே பெரியவர் ஒருவர் கப்பலேறினார். மூன்று இரவில் வீட்டுக்குக் கூரை போட வைத்திருந்த பணம் போயிற்று. அந்த வீட்டில் இன்றும் மழைக்கு வாளி வைக்கிறார்கள். ஆண்களுக்குச் சொல்கிறேன், கோபித்துக் கொள்ளாதீர்கள். தோட்டத்து வங்கி அட்டையைக் கரையில் மனைவியின் தங்கையிடம் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.

இப்போது கரையில் இறங்குவதைப் பற்றி. இதில் என் சொந்த அசட்டுத்தனத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018-ல் நானும் என் வீட்டுக்காரரும் பூக்கெட்டில் இறங்கினோம். அங்கே பாத்தோங் கடற்கரையில் பெரிய கப்பல் கரையை ஒட்டாது. தள்ளி நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களைக் கொண்டு போவார்கள். திரும்புவதற்குக் கடைசிப் படகு நாலரை மணிக்கு என்று தாளில் போட்டிருந்தது. கடற்கரையில் இளநீர் குடித்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தால் மூன்று பத்து. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே என்று இன்னோர் இளநீர் வெட்டச் சொன்னோம். அந்த வழியாக ஓடிய ஈப்போக் குடும்பம் ஒன்று, "அக்கா, என்ன உட்கார்ந்துவிட்டீர்கள், நாலு பத்தாகிவிட்டது!" என்று கத்தியது. தாய்லாந்து நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். கைப்பேசி தானாகவே அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கொண்டது. கப்பலோ நம் நேரத்திலேயே இருந்தது. இளநீரைப் போட்டுவிட்டு ஓடினோம். என் வீட்டுக்காரர் ஒரு செருப்பை அந்த மணலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

ஆகவே, கப்பல் நேரம் என்று ஒன்று உண்டு. சில கப்பல்கள் கடிகாரத்தை மாற்றும், சில மாற்றாது. தானாக மாறாத பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, கப்பலை விட்டு இறங்கும்போது கப்பல் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போனால், பஸ் தாமதமானாலும் அவர்கள் பொறுப்பு. நீங்களாகச் சுற்றப் போனால் கப்பல் காத்திருக்காது. விட்டுவிட்டால் அடுத்த துறைக்குச் சொந்தச் செலவில் போய்ப் பிடிக்க வேண்டும். அன்றாடம் அறைக்கு வரும் தாளில் அந்தத் துறையில் உள்ள கப்பல் ஏஜண்டின் தொலைபேசி எண் போட்டிருக்கும். அந்தத் தாளையும் கடப்பிதழின் பிரதியையும் மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

படகில் ஏறி இறங்கும்போது குதிக்க வேண்டாம். படகு மேலும் கீழும் ஆடும். இரண்டு கையையும் காலியாக வைத்துக்கொண்டு, மாலுமி மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, அவர் சொல்லும்போது காலை எடுத்து வையுங்கள். சேலை கட்டியவர்கள் கொசுவத்தைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். சப்பாத்துப் போட்டால் நல்லது, ரப்பர்ச் செருப்பு ஈர இரும்பில் வழுக்கும். முட்டி வலிக்காரர்கள் அன்று இறங்காமல் கப்பலிலேயே இருப்பதில் ஒரு குறைவும் இல்லை. நாகப்பட்டினத்திலும் இப்படித்தானே, கப்பல் தள்ளி நிற்க, தோணியில் போய் ஏறினார்கள் நம் தாய்மார்கள், இடுப்பில் பிள்ளையோடு.

லங்காவியில் கப்பல் நிற்கும் இடத்தில் நடந்து பார்க்க ஒன்றுமில்லை. நாலைந்து பேராகச் சேர்ந்து டாக்சி எடுங்கள், அது போதும். பினாங்கு அப்படியில்லை. சுவெட்டன்ஹம் துறையிலிருந்து வெளியே வந்தால் எதிரே மணிக்கூண்டு. அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா. குவீன் தெருவில் 1833-ல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், நடுப்பகலில் நடை சாத்திவிடக்கூடும். டாக்சிக்காரர் யாரும் அங்கே போக முப்பது வெள்ளி கேட்டால் சிரித்துவிட்டு நடங்கள்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். அந்தச் சகோதரியின் தாயார் 1950-களில் ஊருக்குப் போய் ராஜுலாவில் திரும்பி வந்தபோது, கைப்பிள்ளை ஒன்று காய்ச்சல் கண்டு நடுக்கடலில் இறந்துவிட்டதாம். சகோதரிக்கு அண்ணன் முறை. துணியில் சுற்றிக் கடலில் விட்டுவிட்டார்கள். தாயார் அதன் பிறகு சாகும்வரை கடலைப் பார்க்கப் போனதில்லை. பிள்ளைகளையும் மோரிப் கடற்கரைக்குக் கூட விட்டதில்லை. "அந்தக் கடலின் மேலே நான் ஆடிப்பாடிக் கொண்டு போகலாமா அக்கா? போனால் ஒரு பூவாவது போடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

போகலாம் சகோதரி. கப்பலிலிருந்து எதையும் கடலில் போட விடமாட்டார்கள், பூவாக இருந்தாலும் சரி. யாருக்கும் தெரியாமல் போட்டுவிடலாம் என்று கம்பியின் மேல் எட்டவும் கூடாது. பூக்கெட் போகும் வழியில் விடியுமுன் எழுந்து வெளித்தளத்துக்குப் போங்கள், அந்நேரம் கூட்டம் இருக்காது. அது அந்தமான் கடல். ராஜுலா பினாங்குக்கு வந்த கடைசி இரண்டு நாள் வழியும் அந்தப் பக்கம்தான். பூவைப் பினாங்கில் வைத்துக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியாவில் உதிரிப் பூ வாங்குங்கள், நாரோ நெகிழிப்பையோ இல்லாமல். கோட்டையைச் சுற்றிக்கொண்டு எஸ்பிளனேட் பக்கம் நடந்தால் கடலோரச் சுவர் வரும். அங்கே நின்று விடலாம். வெயில் கடுமையாக இருக்கும், குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து துறைக்கு மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம்தான். கடைசி நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.